பாய்லர்காரன் வளர்த்த பவளம்

எனக்குத் தெரிந்து சிங்காரப்பேட்டையில் கடல் தண்ணீர் வைத்திருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். முன் அறையில், பழைய டி.வி. ஸ்டாண்டு இருந்த இடத்தில், நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. 300 லிட்டர். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஏழெட்டு நத்தைகள், பாறைகள், பாறைகளின் மேல் பவள உயிர்கள். பால் ஊற்ற வருகிற பையன் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மாமா, இவ்ளோ தண்ணி, இவ்ளோ கரண்டு... கொழம்புக்கு ஒரு மீனு கூட ஆவாது போலயே" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தொட்டி என்னுடையது அல்ல. என் மகன் ஓசூரில் இருந்தபோது, பேத்தி பிறந்த 2018-ல் வாங்கி வைத்தது. 2023 ஜூலையில் கம்பெனி அவனைப் புனேவுக்கு அனுப்பியது. "ரெண்டே வருஷம்ப்பா. நீங்க பாத்துக்குங்க. தண்ணியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றான். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர் சுத்திகரிப்பிலும் பாய்லரிலும் 32 வருஷம் ஆபரேட்டராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் மறுக்க முடியுமா? ஈரச் சாக்கில் பாறைகளும், பிளாஸ்டிக் பைகளில் உயிர்களுமாக ஒரு டெம்போவில் 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தன. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற அந்தப் பெருமையில்தான் அவற்றை நான் ஏறக்குறையக் கொன்றேன்.

இப்போது ஓசூர் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் இப்படித் தொட்டி வாங்குவதும், வெளியூர் போகும்போது அப்பா அம்மா தலையில் கட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் என்னிடமே வந்து கேட்டார்கள். இருவர் கேள்வியும் ஒன்றுதான்: "பாசி புடிச்சிட்டு வருது, என்ன மருந்து ஊத்தறது?" என் அபிப்பிராயம், எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. பாசி ஒரு நோய் அல்ல. அது நாம் தொட்டிக்குள் போட்டதற்கும் வெளியே எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். வரவு செலவுக் கணக்கில் விழுகிற துண்டு. மருந்து ஊற்றிக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பவளம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நவரத்தின மோதிரத்தில் வரும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் சரக்கு, அது வேறு. நான் சொல்வது பவளப்பாறையைக் கட்டுகிற உயிரும் அதன் உறவுக்காரர்களும். கல் மாதிரி இருக்கும், செடி மாதிரி விரியும். ஆனால் அது பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குப் போகிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரர்தான் காரணம். தண்ணீர் சூடு வழக்கத்தை விட ஒன்றிரண்டு டிகிரி ஏறிச் சில வாரம் நின்றால், பவளம் இவர்களை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். வெளுத்த உடனே செத்துவிடுவதில்லை. பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் குடித்தனக்காரர்கள் திரும்பி வருவார்கள், இல்லையென்றால் வீடு காலி.

நம்மில் பலர் இந்தக் காலி வீட்டைத்தான் அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்தில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாங்கி வந்து ஷோகேஸில் வைத்தோம். வெள்ளை வெளேரென்று பூ மாதிரி இருக்கும். எங்கள் வீட்டிலும் 1986-ல் வாங்கிய ஒன்று, வீடு மாற்றும்போது உடைகிற வரைக்கும் இருந்தது. அந்த வருஷம்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் என்று அங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. 2001-ல் கல்பவளங்கள் எல்லாவற்றையும், கடல் விசிறிகளையும் சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. ஆகவே மகன் வைத்திருந்ததெல்லாம் மென்பவளங்கள், காளான் பவளங்கள் வகைதான். தோல் மாதிரியான ஒரு மென்பவளம், காளான் குடை போல விரியும், மேலெல்லாம் மயிர் மயிராக ஆடும். பேத்தி அதற்குக் 'குடை' என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எங்களைப் பார்க்கிறாளோ இல்லையோ, "தாத்தா, குடையக் காட்டு" என்பாள்.

2024 ஏப்ரல் வந்தது. அந்த வருஷத்து வெயிலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே தொட்டிக்குத் தனிக் குளிரூட்டி தேவைப்படவில்லை. சிங்காரப்பேட்டை அப்படியா? ஜவ்வாது மலை அடிவாரத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிற ஊர். 26-ல் இருக்க வேண்டிய தண்ணீர் ஒரு மதியம் 31 காட்டியது. அதே ஏப்ரலில்தான், உலகம் முழுக்கப் பவளங்கள் வெளுக்கின்றன, இது நான்காவது தடவை என்று அமெரிக்கக் கடல் வானிலைத் துறை அறிவித்தது. லட்சத்தீவில் வெளுத்ததாக நம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சொன்னார்கள். மன்னார் வளைகுடாவில் 2016-ல் இப்படி வெளுத்தபோது, உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23-க்கு இறங்கியது என்று தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடலுக்கு ஃபேன் போட முடியாது. தொட்டிக்கு முடியும். டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் திருப்பி வைத்தேன். மண்பானை குளிர்கிற அதே தத்துவம்தான். 28-க்கு இறங்கியது. ஓசூர்ப் பாய்லர்காரன் மூளை இன்னும் வேலை செய்கிறது என்று மகனுக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்தேன்.

ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும். தினம் ஆறு லிட்டர். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். எனவே உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஈடு ஊற்ற வேண்டும். மகன் ஆர்.ஓ. மெஷின் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் மூன்று குடம் வெளியே தள்ளும். ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை, போரில் 700 அடியில் கொஞ்சம் ஊறுகிறது, தெருவில் டேங்கர் வருகிறது. இதில் மூணு குடம் சாக்கடைக்கு. என் வீட்டுக்காரி, "ஏங்க, ஊரே தண்ணிக்கு நிக்குது, நீங்க மீனுக்குக் கொட்றீங்களே" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. போர் தண்ணீரையே ஊற்ற ஆரம்பித்தேன். கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும் என்று.

பாய்லர் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பாய்லரில் நீராவிதான் வெளியே போகும், உப்பு உள்ளேயே நிற்கும், நிற்க நிற்கக் கெட்டியாகும். அதற்காகத்தான் ஷிப்டுக்கு ஷிப்ட் அடித்தண்ணீரைத் திறந்து விடுவோம், ப்ளோ டவுன் என்று பெயர். 32 வருஷம் இந்தக் கையால் செய்த வேலை. ஃபேனுக்குக் கீழே இருக்கிற தொட்டியும் ஒரு பாய்லர்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மே மாதம் பாறையில் பழுப்பு மாவு பூசியது போல வந்தது. நம் ஊர் கருங்கல் பூமி, போர் தண்ணீரில் சிலிக்கா இருக்கும், அதைத் தின்று வளர்கிற பாசி அது. ஜூனில் பச்சைத் தலைமுடி மாதிரி இரண்டு அங்குலத்துக்கு வளர்ந்தது. குடை சுருங்கி மூடிக்கொண்டது. இந்த வகை அவ்வப்போது சுருங்கி, மேலே மெழுகு மாதிரி ஒரு தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும் என்று மகன் சொல்லியிருந்தான். அதுதான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். உரிக்கவில்லை. பழுப்பு நிறம் போய்ப் பாலேடு மாதிரி வெளுத்தது. அடிக்காம்பை முடிப்பாசி சுற்றிக்கொண்டது.

ஞாயிறு வந்தது. "குடையக் காட்டு தாத்தா." குடை தூங்குது கண்ணு என்று சொல்லி ஃபோனை மீன் பக்கம் திருப்பினேன். அடுத்த ஞாயிறும் தூங்கியது. ஆறு வயதுக் குழந்தைக்கு நான் சொன்ன பொய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பனுக்கும் சொன்ன பொய்தான்.

அந்த ஒரு மாதத்தில் நான் செய்தது முழுக்கத் தப்பு. பழைய டூத் பிரஷ் எடுத்துத் தொட்டிக்குள்ளேயே தேய்த்தேன். துணுக்குகள் எல்லாப் பாறைக்கும் பரவி, நாலு இடத்தில் இருந்தது பதினாலு இடமாயிற்று. இதே கதை பெரிய அளவில் மண்டபம் பக்கம் நடந்திருக்கிறது. கப்பாபைகஸ் என்று ஒரு கடற்பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. கேரஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளுக்காகக் கொண்டுவந்து பாக் நீரிணையில் மிதவைகளில் வளர்த்தார்கள். மீனவப் பெண்கள் பலருக்கு அது நாலு காசு கொடுத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் துண்டுகள் குருசடைத் தீவுக்குப் போய்ப் பவளத்தின் மேல் பாய் விரித்து மூடியிருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிடுங்கியது. பிடுங்கும்போது உடைகிற துண்டு மறுபடி வேர்பிடிக்கும். என் டூத் பிரஷ் செய்ததும் அதுதான். பாசியை எடுப்பதென்றால் பாறையை வெளியே எடுத்து, வாளியில் வைத்துப் பிய்த்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். பிய்த்ததெல்லாம் தொட்டியை விட்டு வெளியே வந்தால்தான் செலவுக் கணக்கில் சேரும்.

அடுத்து பெங்களூரு கடை ஒன்றில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கினேன். பாசி கொல்லி. விலை 1,400. பாசி கொஞ்சம் செத்தது. செத்த பாசி எங்கே போகும்? அங்கேயே அழுகி, தான் தின்றதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்தது. இரண்டு நத்தைகளும் போயின. அந்தக் கடைக்காரர் இன்னொரு பாட்டிலும் சிபாரிசு செய்தார். கூடவே, மெதுவான குரலில், கிளைக் கொம்பாக வளர்கிற கல்பவளம் ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து என்பது ஒரு பக்கம். குடையையே காப்பாற்றத் தெரியாதவன் கடலிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து எதற்கு வெளுக்க வைக்க வேண்டும்?

ஜூலையில்தான் புத்தி வந்தது. பழைய பழக்கப்படி ஒரு லாக்புக் போட்டேன். போர் தண்ணீரைச் சோதித்தால் டி.டி.எஸ். 1,100, நைட்ரேட் 40. சுற்றிலும் வயல், உரம் போகிற இடம் அதுதான். தினம் ஆறு லிட்டர் வீதம் 75 நாள் என்று பெருக்கினேன். அரை கிலோ உப்பும், 18 கிராம் நைட்ரேட்டும் நானே ஊற்றியிருக்கிறேன். 300 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 60 மில்லிகிராம். தொட்டியில் சோதித்தபோது 50 காட்டியது. மீதியைத்தான் பாசி தின்று வளர்ந்திருந்தது. பாஸ்பேட் சோதனைக்கு அதே மாலிப்டேட் திரவம், அதே நீலம். தொழிற்சாலையில் தினம் பார்த்த நீலம்! அங்கே பாய்லர் டிரம்மில் செதில் கட்டாமல் இருக்க நாங்களே பாஸ்பேட் போடுவோம், நீலம் வந்தால் சந்தோஷம். இங்கே இத்தனை அடர்த்தியாக வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. 0.5. இருக்க வேண்டியது 0.1-க்குக் கீழே. அது தண்ணீரிலிருந்து வரவில்லை. மீன்கள் பாவம், சின்ன வாய் என்று ஒரு வேளைக்கு இரண்டு வேளையாக நான் போட்ட தீனி.

தீனியைக் குறைத்தேன். ஆர்.ஓ. தண்ணீருக்குத் திரும்பினேன். வாரம் 30 லிட்டர் மாற்றினேன், ப்ளோ டவுன் மாதிரி. இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பையன். நான் நிறுத்தவில்லை. இரும்புத் துகள் என்று ஒன்று விற்கிறது, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போட்டேன். பத்து நாளில் நீலமே வரவில்லை. பூஜ்யம். நைட்ரேட்டும் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. எங்கள் டி.எம். பிளான்டில் பூஜ்யம் என்றால் ஷிப்ட் இன்ஜினியர் டீ வாங்கிக் கொடுப்பார்.

செப்டம்பர் முதல் வாரம் முடிப்பாசி காய்ந்து உதிர்ந்தது. இரண்டாம் வாரம் மணல் மேல் மூக்குச்சளி மாதிரி பழுப்பாக ஒன்று, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழோடு. ராத்திரி மறையும், விளக்குப் போட்டால் வரும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. டைனோ என்று தொட்டிக்காரர்கள் சொல்வார்கள். ஒற்றைச் செல் உயிர், சில வகைகளுக்கு விஷம் உண்டு. எல்லாரும் பட்டினி கிடக்கிற தண்ணீரில் போட்டிக்கு ஆளில்லாமல் இது வளர்கிறது. அதாவது அழுக்கில் ஒரு பாசி வந்தது, சுத்தத்தில் அதைவிட மோசமானது வந்தது.

எனக்கு இதுதான் பெரிய அடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நல்ல தண்ணீர் என்றால் ஒன்றுமில்லாத தண்ணீர் என்றே பழகியவன் நான். அது இரும்புக்கு நல்ல தண்ணீர். உயிருக்குக் கொஞ்சம் நைட்ரேட், துளி பாஸ்பேட் வேண்டும். பவளமும் தின்ன வேண்டும், அதற்குள் இருக்கிற குடித்தனக்காரரும் தின்ன வேண்டும். பாட்டில் விற்கிறவர்கள் பூஜ்யத்தை விற்கிறார்கள், வாங்குகிற நாமும் அவசரத்தில் பூஜ்யத்தையே கேட்கிறோம். ஒரு வாரத்தில் இறக்க முடிகிற எண்ணை இரண்டு மாதத்தில் இறக்கப் பொறுமை இருந்திருந்தால் என் நத்தைகள் பிழைத்திருக்கும்.

இதில் இன்னொன்றும் தோன்றியது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணையில்தான் சேர்ந்து நம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நுரை பொங்கி மதகு தெரியாமல் நிற்கிற படம் எத்தனை முறை பேப்பரில் வந்துவிட்டது! கீழே கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் பச்சையாகி நாற்றமடிக்கிறது என்றும் படிக்கிறோம். உடனே மருந்து தெளிக்கச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். 300 லிட்டரில் பலிக்காதது அணையில் எப்படிப் பலிக்கும்? மேலே வரவு நிற்க வேண்டும். அனுமன்தீர்த்தத்தில் ஆடிப் பதினெட்டுக்கு முழுக்குப் போடுகிற நாமும் அந்த வரவில் சோப்பும் சாக்கடையுமாகக் கொஞ்சம் சேர்க்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரும்புத் துகளை வெளியே எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். மூன்று நாள் விளக்கை அணைத்து, சளியைக் குழாய் வைத்து உறிஞ்சினேன். மீனுக்குச் சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். டைனோ ஓய இரண்டரை மாதம் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் அலை பம்பை மட்டும் ஓடவிட்டு, மற்றதெல்லாம் நிறுத்திவிட்டு, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மகனிடம் அக்டோபரிலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், போர் தண்ணீர், பாட்டில், தூங்குகிற குடை வரைக்கும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் மொதல் வருஷம் எல்லாத்தையும் கொன்னுட்டு மறுபடி வாங்கினேன்ப்பா, உங்க கிட்ட சொல்லல" என்றான். பொங்கலுக்கு வந்தார்கள். பேத்தி தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தாள். குடை முக்கால்வாசி விரிந்திருந்தது, ஒரு ஓரம் மட்டும் கருகிச் சுருங்கியிருந்தது. "தாத்தா, குடைல ஓட்ட" என்றாள். ஆமாம் கண்ணு, தாத்தாதான் போட்டேன் என்றேன்.

ஆர்.ஓ. கழிவு இப்போது குழாய் போட்டுப் பின்னால் ஒரு டிரம்மில் விழுகிறது. பாத்திரம் கழுவவும் தென்னைக்கும் அதுதான். ஜூலையில் மகன் ஓசூருக்குத் திரும்புகிறான், தொட்டியும் டெம்போ ஏறும். அதுவரைக்கும் லாக்புக் என் கையில். இன்று காலை எழுதியது: வெப்பம் 26.5, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.05. பின்கண்ணாடியில் உள்ளங்கை அளவு பச்சைப் பாசி. துடைக்கவில்லை, நத்தைக்கு விட்டிருக்கிறேன்.